அமுதாவுக்கு எப்படிக் கிடைத்தது பாஸ்போர்ட்?

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆறு தேசிய விருதுகள் வாங்கிய படம். பெற்ற தாயா, வளர்த்த தாயா என்ற கேள்வியோடுதான் அதைப் பற்றிய பேச்சு எப்போதும் முடிந்துவிடுகிறது.

ராமேஸ்வரம் முகாமில் குழந்தை பெற்ற சியாமா, அதை விட்டுவிட்டுக் கணவனைத் தேடி இலங்கைக்குப் போகிறாள். எழுத்தாளர் திருச்செல்வன் குழந்தையைக் கேட்கிறார்; மணமாகாத ஆணுக்குத் தர மறுக்கிறார்கள். அதனால் இந்திராவை மணக்கிறார். அவள் அவரைக் காதலிப்பவள்தான். இருந்தும் அவள் கழுத்தில் ஏறும் தாலி, தத்தெடுப்புக்கான தகுதிச் சான்றிதழும்கூட. படம் இதைக் காதலின் இனிமையில் கரைத்துவிடுகிறது. சிம்ரனின் முகம் மட்டும் முழுதாகக் கரைய மறுக்கிறது.

ஒன்பது வயதில் உண்மை தெரிந்த அமுதா, அம்மாவைத் தேடி அந்த மண்ணுக்குப் போகிறாள். சியாமாவைக் கண்டதும் கேள்விகளாக அடுக்குகிறாள். நந்திதா தாஸ் அவற்றைக் கேட்டு நிற்கும் விதத்தில், பிள்ளையை இழந்தவளின் துக்கத்தைவிடக் குற்றவாளியின் கூச்சமே அதிகம் தெரிகிறது. கர்ப்பிணியை விட்டுப் போருக்குப் போன திலீபனை இந்தப் படம் ஒரு இடத்திலும் கூண்டில் ஏற்றுவதில்லை. அவனுடையது இலட்சியம், அவளுடையது கைவிடல்.

நான் சாத்தாங்காட்டுக்காரி. திருவொற்றியூரில் ரயிலேறி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி வரும். அங்கே ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து வந்து என்னிடம் படித்த ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டுத் தாய்ப்பாசம் பற்றி எதுவும் பேசவில்லை. அமுதாவுக்கு எப்படிப் பாஸ்போர்ட் கிடைத்தது என்றுதான் கேட்டாள்.

விமர்சகர்கள் கேட்காத கேள்வி. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அமுதா அதற்குப் பின் பிறந்தவள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணொருவர், அந்தத் தேதிக்கு முன்பே பிறந்திருந்தும், நீதிமன்றம் ஏறித்தான் பாஸ்போர்ட் பெற்றார். அவர் முதன்முதலாக வாக்களித்தது 2024-இல்.

முகாமிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் ஒருவழிப் பயணம். தாயகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, வளர்த்த அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டு, சென்னைக்குத் திரும்பிவர அமுதாவால் முடிகிறது. முகாமிலேயே வளர்ந்திருந்தால் அவளுக்கு அந்தக் கதையே இல்லை. அப்படி வளர்ந்த பெண்ணைப் பற்றி ஒரு படம் வந்தால், அது விமான நிலையத்தில் அல்ல, வட்டாட்சியர் அலுவலக வரிசையில்தான் தொடங்கும்.