காரைக்காலம்மையார் வரலாற்றில் தாய்மையும் தந்தைமையும்

பெற்று வளர்த்தல் தாயின் பொறுப்பு, சால்புடையவனாக ஆக்குதல் தந்தையின் பொறுப்பு எனப் பகுத்துரைக்கும் பொன்முடியார் பாட்டு (புறம். 312), குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் எடுத்தாளுவதாகும். இப்பகுப்பைத் தமிழர் இல்லறத்திற்கெல்லாம் பொதுவிதியாகக் கொண்டு, குழவிப் பருவத்தில் தந்தைக்கு வேலையில்லை என முடிவு கட்டுவாரும் உளர். அம்முடிபு பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

அப்பாட்டு வாகைத்திணையில் மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தது. மறக்குடித் தாய் ஒருத்தியின் கூற்றாக அமைந்தது. கொல்லனும் வேந்தனும்கூட அதன்கண் கடமை பெறுகின்றனர். களம் புகும் மகனை உருவாக்குவதே அதன் நோக்கம். தொட்டிற் குழந்தையைப் பேணும் முறையன்று. அதே தொகையில் பாண்டியன் அறிவுடைநம்பி (புறம். 188), தத்தி நடந்துவந்து நெய்ச்சோற்றை அளைந்து மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாடுகின்றான். குழந்தையின் அருகிருந்து கண்டார்க்கன்றி அக்காட்சி வாய்க்காது. ஆகவே, ஒரு பாட்டை விதியாக்கி மற்றொன்றை விலக்குதல் நெறியன்று.

இனி, நெரவிக்கு அணித்தாய காரைக்காலில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடும் வரலாற்றை நோக்குவோம். புனிதவதியாரின் தந்தை தனதத்தன் எனப் பெயர் சுட்டும் புலவர், தாயின் பெயரைச் சுட்டிற்றிலர். பருவந்தோறும் செய்தற்குரிய சிறப்புக்களைச் செய்வித்தவன் தந்தையே. மணமான பின்னும் ஒரே மகளை நாகைக்கு அனுப்ப மனமின்றித் தன் ஊரிலேயே இல்லம் அமைத்துத் தந்தவனும் அவனே. அன்றாடப் பேணல் தாதியர்பால் இருந்தது என்பதை மறுக்கவியலாது. ஆயினும், மகவின்பால் நெகிழும் உள்ளம் தந்தைக்கும் உரியது என்பது இதனால் தெளிவாகும்.

பரமதத்தன் நிலை வேறு. மாங்கனி நிகழ்ச்சியால் அஞ்சிய அவன், மனைவியைத் துறந்து கலமேறுகின்றான். பாண்டிநாட்டில் வேறு மணம் புரிகின்றான். அங்குப் பிறந்த மகளுக்கு, தான் விட்டுவந்தவளின் பெயரையே இடுகின்றான். பின்னர் அம்மகளோடும் இரண்டாம் மனைவியோடும் அம்மையாரின் அடி பணிகின்றான். கணவனாக நில்லாதவன் தந்தையாக நிற்கும் இடம் இது. அவன் மகளுக்கு அளித்த முதற்பேறு அச்சமும் மதிப்பும் கலந்த ஒரு பெயரேயாகும்.

அம்மையாரோ மகப்பேறு இல்லாதவர். எனினும், கயிலையில் இறைவன் அவரை 'அம்மை' என விளிக்க, அவர் இறைவனை 'அப்பன்' என விளிக்கின்றார். ஈன்றவர் ஒருவரும் இல்லாத இறைவனுக்குத் தாயாகின்றார், எவரையும் ஈனாத ஒருவர். புராணத்தின் நோக்கம் பக்தியே என்பதை யாம் மறவேம். ஆயினும், தாய்மை பிறப்பித்தலோடு முடிவதன்று, பேணும் அன்பினால் எய்தப்படுவது என்னும் கருத்து இங்கு உறுதிபெறுகின்றது. தாய்மை அத்தகையதாயின், தந்தைமையும் அத்தகையதே.

பொருள் தேடிக் கடல் கடத்தல் காரைக்கால் கரைக்குப் பழகிய வழக்கு. தந்தை அகன்ற வீட்டில் இருவர் பொறுப்பும் ஒருத்தியின் தோள்மேல் விழுகின்றது. அச்சுமையை அவளது இயல்பான கடன் எனக் காட்டுதற்கு 312-ஆம் பாட்டைத் துணைக்கு அழைத்தல் தகாது. அதனை வகுப்பறையில் கற்பிப்போர் 188-ஆம் பாட்டையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.