நூல் மதிப்புரை: எடைக்கு எடை கூலி

ஜே.ஆர்.டி. டாட்டா என்றதும், 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் தாமே ஓட்டிவந்த 'புஸ் மாத்' விமானம் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆர்.எம். லாலா 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு, புகழ் முழுவதையும் அவருக்கே சூட்டிவிடவில்லை. திட்டத்தை வகுத்த நெவில் வின்சென்ட், தயங்கிப் பின் 2 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு இசைந்த தொராப்ஜி டாட்டா ஆகியோருக்கும் உரிய இடம் தருகிறது. இதுவே நூலின் சிறப்பு.

குறையும் ஒன்று உண்டு. அன்று வந்த அஞ்சல் சுமார் 25 கிலோ. அரசு மானியம் கிடையாது. சுமந்த எடைக்கே கூலி. எரிபொருளைக் கூட்டினால் தூரம் கூடும், அஞ்சலுக்கு இடம் குறையும். போட்ட முதல் திரும்புமா என்பதைத் தீர்மானித்த இந்தக் கணக்கை ஆசிரியர் விரித்துச் சொல்லவில்லை. மாணவ நண்பர்களே, நூலைப் படியுங்கள்; கையில் பென்சிலும் இருக்கட்டும்.