இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் என்பது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் மின்கிட்டார் ஆகும். பொதுவாக நான்கு கம்பிகள் கொண்டது. அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இதனைப் பரவலாக்கியது.

பல மேடைக் குழுக்களில் இக்கருவி தாளத்துக்குத் துணையாக அடிச்சுரத்தை மட்டும் ஒலிக்கிறது. இளையராஜா இதற்குத் தனி மெட்டே தருகிறார். ‘மூடுபனி’ (1980) படத்தில் கே. ஜே. யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ இதற்கு நல்ல சான்று. குரலுக்குக் கீழே பேஸ் தன் வழியில் ஏறி இறங்குகிறது. அதை நீக்கினால் பாடல் மெலிந்துவிடும்.

தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இதைச் சரிவரத் தர இயலாது. ஆகவே இப்பாடல்களை மனப்பாடமாக அறிந்தவர்களும் இந்த இரண்டாம் மெட்டைக் கேட்காமலே இருக்கக்கூடும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்பதே இதற்கு நியாயம் செய்வதாகும்.

வாசிக்கப் பழகுவோருக்கும் இதில் பாடம் உண்டு. அடிச்சுரம் மட்டும் வாசித்தால் கருவியின் சுருதிக் குறை அவ்வளவாகத் தெரியாது. மெட்டு மேலே ஏறும்போது வெளிப்பட்டுவிடும். தாம்பரம், பல்லாவரம் போன்ற புறநகர்களில் பழைய கருவி வாங்கும் மாணவர், 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம் வெறுங்கம்பியின் மேல் ஸ்தாயியோடு ஒத்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கூடுதலாக ஒலித்தால், பிரிட்ஜிலுள்ள திருகைத் திருப்பிக் கம்பியின் நீளத்தைச் சற்றுக் கூட்டலாம். புதிய பிக்கப் பொருத்தினால் ஒலியின் தன்மை மாறும், சுருதி சேராது.