கடலட்டையும் கரையோர மனிதனும்

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனம் 2008ஆம் ஆண்டு உரோம் நகரிலிருந்து வெளியிட்ட நூலொன்று, உலகின் கடலட்டை மீன்பிடியையும் வாணிபத்தையும் பற்றியது. மூவர் பதிப்பித்த அந்நூல் 300 பக்கங்களைத் தாண்டுகிறது. பசிபிக் தீவுகள் முதல் இலத்தீன் அமெரிக்கா வரை ஒவ்வொரு பிரதேசத்தின் நிலையையும் விஞ்ஞானிகள் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர். இலக்கிய ஏடொன்றில் இத்தகைய நூலுக்கு என்ன இடம் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மனித உழைப்பைப் பற்றிப் பேசும் எந்த நூலும் நமது விமரிசனத்துக்கு உரியதே. கல்முனைக் கரையில் நின்று, இந்நூலையும் இதனையொட்டி வளர்ந்த சிந்தனையையும் மதிப்பிட விரும்புகிறோம்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் வயலும் தறியும் கடையும் போலவே கடலும் மக்களுக்குச் சோறு போடுகிறது. 2004 டிசம்பர் 26இல் அதே கடல் கரையேறியபோது, இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஆயினும் எஞ்சியவர்கள் மீண்டும் கடலுக்கே சென்றார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

இம்மக்கள் கடலட்டையை உண்பதில்லை. நம் அடுக்களைகளில் சூரை வேகும், நெத்தலி வேகும், அட்டை வேகாது. குடல் நீக்கி, அவித்து, மணலிற் புதைத்து, மேற்தோல் களைந்து, வெயிலில் உலர்த்தப்பட்டு, அது ஹொங்கொங், சிங்கப்பூர், சீனச் சந்தைகளுக்குப் போய்விடுகிறது. இவ்விடத்து ஒன்று மனங்கொள்ளத்தக்கது. மீனின் விலை ஓரளவேனும் நம் ஊர்ச் சந்தையில் தீர்மானமாகிறது. அட்டைக்கு விலை வைப்பவனோ கடல்கடந்த ஊரில் இருக்கிறான். சுழியோடி அவனை ஒருநாளும் கண்டதில்லை.

முதலில், இந்நூல்களின் விஞ்ஞானத்தை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடலடியில் அட்டை செய்கிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகற் பொருளை உண்டு, தூய்மையான மணலை வெளிவிடுகிறது. ஆணும் பெண்ணும் தத்தம் வித்துக்களை நீரிலே விடுகின்றன. அவை அருகருகே இருந்தால்தான் கருக்கட்டல் நிகழும். தொகை ஓர் அளவுக்குக் கீழே போனால், எஞ்சியவை உயிரோடிருந்தும் பெருகுவதில்லை. ஆகவே, ஒருமுறை அழிந்த இடம் தேறுவதற்கு நெடுங்காலம் செல்லும். 2013இல் வெளியான உலக ஆய்வொன்று 77 கடலட்டை மீன்பிடிகளைப் பரிசீலித்தது. அவற்றுள் 20 சதவீதம் வற்றிப்போனவை. 38 சதவீதம் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டவை. 14 சதவீதம் எல்லையைத் தொட்டுவிட்டவை. நமது நாட்டிலும் தென்கரையில் இத்தொழில் மங்கி, வடக்கு, வடமேற்கு, கிழக்குக் கடல்களிலேயே எஞ்சி நிற்கிறது. விலை கூடிய வெள்ளை அட்டை அரிதானதும் விலை குறைந்த இனங்களை நோக்கிக் கைகள் நீளுகின்றன. இந்நிலையில், ‘பிடிக்கும்வரை பிடிப்போம்’ என்பவர் தொழிலாளியின் நண்பரல்லர்.

அப்படியாயின் குறைபாடு எங்கே? இந்நூல்கள் கூறும் பரிகாரங்களில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம், ஆகக் குறைந்த அளவு, மூடிய பருவம், பிடிக்கும் தொகைக்கு வரையறை, தடைசெய்த பகுதி என்பனவே ‘வள முகாமைத்துவம்’ எனப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் தேவையானவை. ஆனால் நடைமுறையில் இவற்றின் பாரம் தோணியில் இருக்கும் மனிதன்மீதே இறங்குகிறது. கரையோர வறுமையை ஆய்வாளர்கள் காணாமலில்லை. எனினும் அதனை வானிலை போல இயற்கையாக அமைந்த ஒரு பின்னணியாகவே அவர்கள் கொள்கிறார்கள். படகுக்கும் இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் சிலிண்டருக்கும் முற்பணம் கொடுத்தவர் யார்? அந்த முற்பணத்துக்கு ஈடாகப் பிடித்ததை யாருடைய வாடியில், யார் சொன்ன விலைக்குப் போட வேண்டும்? இவ்வினாக்களைக் கேளாத முகாமைத்துவம் பாதி முகாமைத்துவமே.

கடன்பட்டவன் தொழிலைக் குறைக்க முடியாது. கரையோரத்து ஆழங்குறைந்த நீரில் அட்டை அருகியதும் அவன் மேலும் ஆழத்துக்கு, மேலும் பலமுறை இறங்குகிறான். ஆழத்தில் இரத்தத்திலே கரைந்த நைதரசன், அவசரமாக மேலேறும்போது குமிழிகளாகிறது. மூட்டுவலி, கைகால் செயலிழத்தல், சிலவேளை மரணம் என்பன அதன் விளைவுகள். அட்டவணையில் ‘வளம் குன்றியது’ என்று காணப்படுவது, வீட்டிலே எழுந்து நடக்கமுடியாத ஒரு தகப்பனாகக் காணப்படுகிறது.

வெறும் தடை என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்களுண்டு. ஈக்குவடோர் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் 1992இல் கடலட்டை பிடிப்பது தடுக்கப்பட்டது. 1994இல் பரீட்சார்த்தமாகத் திறக்கப்பட்ட பருவம் இடையில் நிறுத்தப்பட்டபோது, 1995 ஜனவரியில் மீனவர்கள் அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டனர். இந்தியா 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அட்டை இனங்களை முற்றாகத் தடைசெய்தது. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் அது காக்கப்படும் உயிர். மறுகரையில் அனுமதியோடு விற்கும் சரக்கு. விளைவு கள்ளக்கடத்தலே. பிடிபடுபவன் பெரும்பாலும் படகோட்டி; பணம் போட்டவன் கரையிலே நிற்கிறான்.

இப்பொழுது பண்ணைகளே தீர்வு என்று கூறப்படுகிறது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்ப்பதற்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பதை நாம் வெறுக்கவில்லை. அது விஞ்ஞானத்தின் வெற்றி. ஆனால் எல்லோருக்கும் பொதுவான களப்பில் வேலி எழும்போது, வீச்சுவலைக்காரனும் இறால் பொறுக்கும் பெண்ணும் எங்கே போவார்கள்? பூநகரிப் பகுதிச் சிறு தொழிலாளர் அவ்வாண்டிலேயே வீதிக்கு இறங்கினர். மட்டக்களப்பு வரை வந்த திட்டம் நமக்கு அயலில் நிற்கிறது. அபிவிருத்தி என்ற சொல்லுக்கு நமது கரை ஏற்கெனவே விலை கொடுத்துள்ளது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. அயலிலே நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்தது. கரைவலை இழுத்தவர்களை முன்னரே கேட்டிருந்தால், மணல் எந்தப் பருவத்தில் எத்திசையில் நகரும் என்று சொல்லியிருப்பார்கள்.

விமரிசனம் மாற்று வழியையும் காட்ட வேண்டும். அட்டையின் அளவைச் சோதிக்கும் இடம் தோணியன்று, ஏற்றுமதியாளரின் களஞ்சியமே. தோணிகள் நூற்றுக்கணக்கானவை, களஞ்சியங்கள் சில. அனுமதிப்பத்திரம் தனிமனிதனிடமன்றிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கட்டும். அவித்து உலர்த்தும் தொழிலையும் சங்கமே ஏற்று, முற்பணக் கட்டை அறுக்கட்டும். மூடிய பருவத்தில் உலைவைக்க ஒரு படி வழங்கப்படட்டும். கடலடிக் கணக்கெடுப்பில் விஞ்ஞானியோடு சுழியோடியும் இறங்கட்டும். கணக்கைத் தன் கண்ணால் கண்டவன் கட்டுப்பாட்டையும் தன்னுடையதாகக் கொள்வான்.

இப்பணியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. நம் கவிதைகளில் கடல் நிலவொளியில் மின்னுவது மிகுதி. சுழியோடியின் முழங்கால் வலி தோன்றுவது அரிது. உரோமில் எழுதிய நூலில் நம் கரை ஒரு புள்ளிவிவரமாக இருப்பதைக் குறைகூறும் நாம், அக்கரையின் வாழ்வை நாமே எழுதினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிகளுக்குச் செல்வோம், முற்பணக் கணக்கையும் விலைக் கணக்கையும் கேட்டெழுதுவோம். அந்த ஏட்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் இத்தகைய நூல்கள் முழுமை பெறும்.