வெண்பாவின் கிழிந்த ஏடு

துப்பறியும் கதை என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் ஒரு வகைத் தலைவனே தோன்றுவான். கூர்மதி படைத்தவன்; மாறுவேடம் பூணுவதில் வல்லவன்; சிறு தடயம் ஒன்றைக் கொண்டு பெருங்குற்றத்தை வெளிப்படுத்துபவன். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வகைக் கதைகளைத் தமிழில் பரப்பினர். அவர்களுள்ளும் வடுவூராரே சற்று வேறுபட்ட வழியில் சென்றவர். துப்பறியும் பணியைத் திகம்பர சாமியார் என்னும் பாத்திரத்திடம் ஒப்படைத்தார் அவர். காவல் துறையினர் செய்யவேண்டியதைச் சாமியார் ஒருவர் செய்வதாகக் காட்டிய அப்புதுமையே அக்கதைகளுக்குப் பாதிக் கவர்ச்சியைத் தந்தது.

அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒரு தலைவி இன்று தோன்றியுள்ளாள். அவள் தோன்றியது நூலில் அன்று, கணினி ஆட்டத்தில். அவள் தேடுவது கள்வனையும் அன்று, கொலைஞனையும் அன்று. தன் தாய் எழுதி வைத்த சமையற் குறிப்பேட்டில் நீர்பட்டு அழிந்த வரிகளையும் கிழிந்துபோன பக்கங்களையுமே அவள் தேடுகிறாள். அவள் பெயர் வெண்பா. ஆட்டத்தின் பெயரும் அதுவே.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் இதனை ஆக்கி 2023 ஜூலை 31 ஆம் நாள் வெளியிட்டது. பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு பல்லாண்டு உழைத்து ஆக்கும் ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆயினும் 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, அறிமுகப் படைப்புக்கான பரிசை இதற்கே வழங்கியது. தனித்தியங்கும் ஆட்டப் படைப்பாளர்க்கென நடைபெறும் ஐ.ஜி.எஃப். விழாவில், அவ்வாண்டின் ஷூமஸ் மக்னலி பெரும் பரிசையும் இதுவே பெற்றது. கதைத்தலைவி, கதைப்பொருள், பாட்டு, உணவு யாவும் தமிழாய் அமைந்த ஓர் ஆட்டம் இத்தகைய சிறப்பினைப் பெற்றதைத் தமிழ் ஆசிரியர் உலகம் பெரிதாகப் பேசவில்லை. 'விளையாட்டு' என்னும் சொல்லே அதற்குத் தடையாய் நின்றது போலும்.

கதை எளியது. 1988 இல் தொடங்குகிறது. வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் தமிழகத்தை விட்டுக் கனடாவில் குடியேறியவர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைப்பது அரிதாக இருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணம் வளர்ந்துகொண்டிருக்கும் வேளையில் அவள் கருவுற்றிருப்பது தெரியவருகிறது. கவின் பிறக்கிறான், வளர்கிறான், தாயின் மொழியிலிருந்தும் உணவிலிருந்தும் மெல்ல மெல்ல விலகுகிறான். ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் உணவு. ஒவ்வோர் உணவுக்கும் ஏட்டில் ஓர் இடைவெளி.

பெயர்களை நோக்குக. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பாவலன் பாடும் பா வெண்பா. அப்பாவின் அழகு கவின். இத்துணை இலக்கிய மணம் கமழும் பெயர்களைக் கொண்ட குடும்பத்தில், மகனே தன் பெயரின் பொருளுக்கு உரிய மொழியை இழக்கிறான் என்பது வேதனை தரும் முரண். ஆட்டம் இதனை எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நன்றே.

இனி, இவ்வாட்டத்தின் உயிர்நிலையாகிய புதிர்களைக் காண்போம். முதற் புதிர் இட்லி. மாவு இருக்கிறது, இட்லிச் சட்டி இருக்கிறது, தட்டுகள் இருக்கின்றன. தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்னும் இடத்தில்தான் ஏடு சிதைந்திருக்கிறது. குழிக்கு நேர்மேலே குழி வருமாறு அடுக்கினால், கீழே உப்பி எழும் இட்லியை மேல் தட்டின் அடிப்புறம் அழுத்தும். ஆவி மேலேறவும் வழி இராது. ஒரு தட்டின் குழிக்கு மேலே அடுத்த தட்டின் இடைவெளி அமையுமாறு சற்றே திருப்பி அடுக்கவேண்டும். இதனை வீட்டில் இட்லி அவிக்கும் எவரும் அறிவர். ஆனால், 'ஏன்' என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. கை அறிந்ததை வாய் அறியாது. கையின் அறிவை வாயின் அறிவாக மாற்றும்படி ஆடுபவரைத் தூண்டுவதே இப்புதிரின் வேலை. தவறாக அடுக்கினால் இட்லி கெடும், மீண்டும் முயலவேண்டும். அடுத்து வரும் புட்டும் இத்தகையதே. குழலினுள் முதலில் துளைச்சில்லு, பிறகு தேங்காய்த் துருவல், பிறகு மாவு என்னும் வரிசையை, ஏட்டில் எஞ்சிய குறிப்பையும் குழலின் அமைப்பையும் கொண்டு உய்த்துணரவேண்டும். (ஜொகூரின் இரவுச் சந்தைகளில் மலாய்க்காரர் மூங்கிற் குழலில் அவித்து விற்கும் புத்து பம்புவை வாங்கி உண்டவர்க்கு இப்பகுதி எளிதாக இருக்கும். மாவின் நடுவே கருப்பட்டி வைப்பதைத் தவிர முறை ஏறத்தாழ ஒன்றே.)

இவ்வகைப் புதிரைக் கண்டதும் தமிழ் பயின்றோர்க்கு நினைவு வரவேண்டியது துப்பறியும் கதை அன்று, ஏட்டுப் பதிப்பே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 இலும், பத்துப்பாட்டை 1889 இலும், சிலப்பதிகாரத்தை 1892 இலும், புறநானூற்றை 1894 இலும் பதிப்பித்தார். செல்லரித்த ஓலையில் எஞ்சிய எழுத்துக்களையும், பிற பிரதிகளில் கண்ட பாடபேதங்களையும், உரையாசிரியர் மேற்கோளையும், யாப்பமைதியையும் துணைக்கொண்டு மூலத்தை உய்த்துணர்ந்த அப்பெருமகனாரின் உழைப்பும், அடுக்களையில் நிற்கும் வெண்பாவின் உழைப்பும் அளவில் மலையும் மடுவும் போன்றவை. எனினும் வழி ஒன்று. இரு திறத்தாரும் செய்வது, உள்ளதைக் கொண்டு இல்லாததை அறிவதே.

ஒரு வேற்றுமையையும் இவ்விடத்து மறைத்தலாகாது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைக்கவே இல்லை. வேறு பல பாட்டுக்கள் இடையிடையே சிதைந்துள்ளன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தொழிந்தன. நற்பதிப்பாசிரியர் இத்தகைய இடங்களில் தம் கற்பனையால் நிரப்பாது, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுச் செல்வர். வெண்பாவுக்கோ அவ்வுரிமை இல்லை. பசித்த குழந்தை எதிரே நிற்க, கிடைக்காத வரிக்குப் புள்ளியிட்டு விடுதல் இயலாது. அவளுக்கு ஒரு நன்மையும் உண்டு. அவள் உய்த்துணர்ந்தது சரியா, பிழையா என்பதை அடுப்பு உடனே சொல்லிவிடும். பதிப்பாசிரியர்க்கு அத்தகைய அடுப்பு எங்கே உண்டு?

யாப்பைக் குறிப்பிட்டோம். தலைவிக்கு வெண்பா என்று பெயரிட்டவர் இதனை எண்ணியே இட்டாரா என்பது ஒருபுறம் இருக்க, பொருத்தம் வியப்பைத் தருகிறது. நால்வகைப் பாவினுள் கட்டுப்பாடு மிக்கது வெண்பாவே. இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையும் அன்றி வேற்றுத்தளை விரவலாகாது. ஏனைய அடிகள் நாற்சீராய் வர, ஈற்றடி முச்சீராய் நிற்கும்; இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாய் முடியும். இக்கட்டுப்பாட்டின் பயன் யாது? ஒரு சொல் சிதைந்தாலும், முன் நின்ற சீரின் ஈற்றைக் கொண்டு அடுத்தது நேரசையில் தொடங்குமா நிரையசையில் தொடங்குமா என்று அறியலாம். எதுகை இன்னும் ஒரு படி நெருங்கிக் காட்டும். அகவற்பாவில் விழுந்த துளையை அடைப்பதினும் வெண்பாவில் விழுந்த துளையை அடைப்பது எளிது. கட்டுப்பாடே காப்பு ஆயிற்று. இட்லித் தட்டும் புட்டுக்குழலும் இத்தகைய யாப்புக்களே. அவற்றின் வடிவிலேயே செய்முறை பாதி எழுதப்பட்டிருக்கிறது.

நிற்க. ஆட்டத்தைப் புகழ்ந்தோர் பலரும் இதனைப் புலம்பெயர்ந்தோரின் உணவு ஏக்கம் என்று கூறி அமைந்தனர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. உணவு ஏக்கம் பேசும் கதைகள் நூறு உண்டு. இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு, தலைவி மாறும் இடத்தில் இருக்கிறது. முற்பகுதி முழுவதும் ஆடுபவர் வெண்பாவாக நின்று சமைக்கிறார். பின்னர் ஓர் இயலில், வளர்ந்துவிட்ட கவினாக நின்று சமைக்கவேண்டி வருகிறது. அதே ஏடு, அதே அம்மா தந்தது. ஆனால் படிப்பவன் தமிழ் எழுத்தில் தட்டுத்தடுமாறுபவன். தாய்க்கு இடையூறாய் இருந்தது கறையும் கிழிசலும். மகனுக்கு இடையூறாய் இருப்பது எழுத்தே. ஏட்டின் சிதைவைவிடப் படிப்பவனின் சிதைவு பெரிது என்பதை, ஒரு சொல்லும் விளம்பாது, ஆடுபவரின் விரலுக்கே உணர்த்திவிடுகிறது ஆட்டம். நாவலோ நாடகமோ இதனைச் சொல்லிக் காட்டும். ஆடுபவரைக் கவினாகவே ஆக்கிவிடும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

தமிழ் அறியாத ஒருவர் இவ்வியலை ஆடும்போது கவினின் அறியாமை அவருடைய அறியாமையும் ஆகிறது. இருவரும் ஒரே இருளில் நிற்கின்றனர். தமிழ் அறிந்தவர் நிலை வேறு. கவின் திணறும் இடத்தில் அவர் திணறமாட்டார். தாம் அறிந்த மொழியை அறியாத ஒருவனாய் நடிக்கவேண்டிய இக்கட்டு அவருக்கு நேர்கிறது. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் அருகே நின்று, சொல்லை எடுத்துக் கொடுக்காமல் பொறுத்திருக்கும் ஆசிரியரின் நிலை அது. தமிழாசிரியர் இவ்வாட்டத்தை ஆடிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இந்த ஓர் இயலே போதும்.

கவினைக் கனடாவில் மட்டும் தேடவேண்டியதில்லை. ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறி, பின் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னும், தோட்டப் பெயரைச் சுமந்தபடி நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்த பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளை தமிழைப் படிக்கவும் எழுதவும் கற்றுவிடுகிறான். வேறு மொழிப் பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைதான் கவினின் நிலை. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் ஜொகூர் பாருவிலும், "பசியாறிட்டியா?" என்று பாட்டி கேட்டால் தமிழிலேயே விடை சொல்வான். ஆனால் அப்பாட்டியின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினால் படிக்கமாட்டான். பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. கனடாவில் பேச்சும் எழுத்தும் ஒருங்கே தேய, இங்கே எழுத்து முன்னும் பேச்சு பின்னுமாகத் தேய்கின்றன. இவ்வேற்றுமையை மறந்து, "நம் பிள்ளைகள் நன்றாகத்தான் தமிழ் பேசுகிறார்கள்" என்று மன அமைதி கொள்வாருக்கு ஏடு வாசிக்கும் அவ்வியலைக் காட்டலாம்.

குறைகளும் உண்டு. புதிர்கள் எண்ணிக்கையில் சில. கடினத்தில் அதனினும் குறைவு. முதற்புதிரில் காணும் ஆழம் பிற எல்லாவற்றிலும் இல்லை. சில இடங்களில் ஏட்டின் சொல்லைப் பின்பற்றிப் பாத்திரத்தை எடுத்து வைத்தலே வேலையாய் முடிகிறது. பிற்பகுதியில் கதை ஓடுகிறது. ஆண்டுகள் பக்கங்களைப்போல் புரட்டப்படுகின்றன. அம்மா சமைத்து வைத்துக் காத்திருக்க, மகன் வாராத அந்த நாளை இன்னும் சற்று நேரம் காட்டியிருக்கலாம். தாயகம் திரும்பிய தாயைத் தேடி மகன் செல்வதும், அவர்களிடையே இருந்த தொலைவு அடுப்பங்கரையில் குறைந்துவிடுவதும் நெஞ்சுக்கு இதமானவையே. ஆயினும் பல்லாண்டு வளர்ந்த பிளவு ஒரு வேளை உணவில் ஆறிவிடுமோ என்னும் ஐயம் நீங்கவில்லை. சமையல் கற்றவன் மொழி கற்றவன் ஆகான். இவ்விரண்டையும் ஆட்டம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மாறாக, வெவ்வேறு காலத்துத் திரையிசைப் பாணிகளைத் தழுவிப் புதிதாய் ஆக்கிய தமிழ்ப் பாடல்கள் சமையலின்போது ஒலிப்பது மிகப் பொருத்தம். காலம் ஓடியதை ஆண்டெண்ணைவிடப் பாட்டே நன்கு உணர்த்துகிறது.

இவற்றினும் பெரிதாய் ஒன்றைச் சொல்லவேண்டும். வெண்பாவின் தாய் எழுதத் தெரிந்தவள். அதனாலன்றோ ஏடு இருந்தது. ஏடு இருந்ததனாலன்றோ சிதைவும் புதிரும் உண்டாயின. ஜொகூர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்து, விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டிவிட்டு வந்து உலையேற்றிய பாட்டிமாருள் பலர்க்கு எழுத்து இல்லை. அவர்கள் சமையல் கையிலும் மூக்கிலும் இருந்தது. தமிழகத்தில் கற்றதை அப்படியே அவர்கள் வைத்திருக்கவும் இல்லை. சோற்றில் பாண்டான் இலை வந்தது. குழம்புக்குத் துணையாகச் சம்பால் வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரியிடம் கற்ற செராய் இறைச்சிக்கறியில் புகுந்தது. இவை பிழைகள் அல்ல, பாடபேதங்கள். ஆனால் எந்த ஏட்டிலும் ஏறாத பாடபேதங்கள். கவினுக்குக் கிழிந்த ஏடாவது கிட்டியது. இங்குள்ள பேரப்பிள்ளைக்கு அதுவும் இல்லை.

அவற்றுள் ஒன்றையேனும் இன்று ஒரு பிள்ளை பாட்டி சொல்லக் கேட்டு எழுதிவைப்பானாயின், முதல் வரியிலேயே ஒரு புதிர் காத்திருக்கும். அரிசி எவ்வளவு என்று கேட்டால் பாட்டி சொல்லும் விடை, "ரெண்டு பால் டின்" என்பதே. கெட்டிப்பால் தீர்ந்தபின் கழுவி வைத்த அந்தத் தகர டின்தான் லயத்து வீடுகளில் அளவுப் படியாய் இருந்தது. அதனைக் கண்டிராத ஒருவன், டொராண்டோவில் அன்று, ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடொன்றில் அமர்ந்து அவ்வரியைப் படிப்பானாயின், அரிசியை அளக்குமுன் அந்த டின்னைத் தேடிக் கண்டறிய வேண்டியிருக்கும்.