42 நிமிட மொட்டைமாடி

லண்டன் போனவர்கள் மணிக்கூண்டைப் பார்ப்பார்கள், அரண்மனையைப் பார்ப்பார்கள். நான் போன முதல் நாளே சேவில் ரோ என்கிற தையற்காரர் தெருவில், 3ஆம் எண் கட்டடத்துக்கு எதிரே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வரிசையாக ஜன்னல்கள், அதற்கு மேலே துண்டு வானம். எனக்கோ கண் கலங்கிவிட்டது.

அந்த மொட்டைமாடியில்தான் 1969 ஜனவரி 30, வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பீட்டில்ஸ் கடைசி முறையாக ஊரறிய வாசித்தார்கள். 42 நிமிடம். அறிவிப்பு கிடையாது, டிக்கெட் கிடையாது, மேடைகூடக் கிடையாது. தரையில் பலகைகளைப் போட்டு அதன்மேல் டிரம்ஸ். ராக் வரலாற்றின் மகத்தான தருணம் எது என்று கேட்டால் வுட்ஸ்டாக் என்பார்கள், லைவ் எய்டில் குவீன் என்பார்கள். இருக்கட்டும், நானும் கைதட்டுகிறேன். ஆனால் என் ஓட்டு இந்த மாடிக்குத்தான்.

எத்தனை தடவை பார்த்திருப்பேன்? எண்ணுவதை விட்டு வருஷமாகிறது. கல்லூரி நாட்களில் ஒரு நண்பன் எங்கிருந்தோ பிடித்துவந்த மங்கல் வீடியோதான் ஆரம்பம். முகமே சரியாகத் தெரியாது. அதையே தேயத் தேயப் பார்த்தோம். 2021இல் பீட்டர் ஜாக்சன் பழைய படச்சுருள்களையெல்லாம் துடைத்தெடுத்து 'கெட் பேக்' என்று ஏறக்குறைய 8 மணி நேர ஆவணப்படமாகத் தந்தார். மாடிக் கச்சேரி முழுசாக, பளிச்சென்று! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். "அதே பாட்டையே மூணு தடவை பாடறாங்களே, வேற பாட்டே தெரியாதா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். 'கெட் பேக்' அன்று மூன்று தடவை வந்தது. மொத்தமே ஐந்து பாட்டுகள், ஒன்பது டேக். ஆனால் அந்த மாதம் எப்படிப் போனது என்று தெரிந்தால் ஒவ்வொரு டேக்கும் கொண்டாட்டம்.

1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவோடு அவர்கள் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். 1969 பிறந்ததும், மீண்டும் ஒரு நிகழ்ச்சி செய்வோம் என்று ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் கூடினார்கள். எங்கே நடத்துவது? லிபியாவில் ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கம் என்றார்கள். கப்பலில் ஏற்றிக் கூட்டிப்போகலாம் என்றார்கள். இதற்கிடையே ஜனவரி 10 அன்று ஜார்ஜ் ஹாரிசன், நான் போகிறேன் என்று எழுந்தே போய்விட்டார். சமாதானம் பேசி அழைத்துவந்து, தங்கள் ஆப்பிள் நிறுவனத்தின் அடித்தளத்து ஸ்டுடியோவுக்கு மாறினார்கள். லிபியாவும் கப்பலும் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் மாடிப்படி ஏறுவதில் வந்து நின்றன. உலகத்திலேயே பெரிய இசைக்குழு தன் ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போனது. இதைவிட அழகான தோல்வி உண்டா?

இன்னொரு புண்ணியவானும் இருக்கிறார்: பில்லி பிரஸ்டன். 1962இல் ஹாம்பர்க்கில், லிட்டில் ரிச்சர்டின் குழுவில் சிறுவனாக இருந்தபோதே இவர்களுக்குப் பழக்கம். ஜனவரி 22 அன்று சும்மா எட்டிப் பார்க்க வந்தவரை எலெக்ட்ரிக் பியானோவில் உட்காரவைத்தார்கள். வீட்டுச் சண்டை நடுவே விருந்தாளி வந்தால் எல்லாரும் முகத்தைச் சீராக்கிக்கொள்வோமே, அதேதான் நடந்தது. மாடியில் அவர் விரல்கள் குதிக்கிற குதியைக் கேளுங்கள்!

அன்றைக்கு நல்ல குளிர், காற்று வேறு. மைக்கில் காற்று இரையாமல் இருக்கப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறைகளை வாங்கிவரச் சொல்லி ஓர் இளைஞரைக் கடைக்கு அனுப்பினார்கள். எந்த அளவு வேண்டும் என்று கேட்டால், எதுவானாலும் சரி என்கிறான் பையன்! அந்தப் பையன்தான் ஆலன் பார்சன்ஸ். சில வருஷம் கழித்து பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர். குளிருக்கு லெனன் தன் காதலி யோகோவின் மென்மயிர்க் கோட்டையும், ரிங்கோ தன் மனைவி மொரீனின் சிவப்பு மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டார்கள். பல ஆயிரம் பவுண்டு ஆடை அலங்காரம் இதன் பக்கத்தில் நிற்குமா?

இனி பாட்டு. 'டோன்ட் லெட் மீ டவுன்' நடுவில் லெனனுக்கு வரி மறந்துபோகிறது. நிறுத்தவில்லை, வாய்க்கு வந்ததை உளறித் தாளத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார். மக்கார்ட்னி பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. 'டிக் எ போனி'க்கு உதவியாளர் ஒருவர் மண்டியிட்டு வரிகளை எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாட்டு ஆரம்பித்ததும் ரிங்கோ, நிறுத்து என்று கத்துகிறார். அந்தக் கத்தல் 'லெட் இட் பி' ஆல்பத்திலேயே இருக்கிறது!

ஆனால் நான் உருகுவது 'ஒன் ஆஃப்டர் 909'இல். லெனனும் மக்கார்ட்னியும் லிவர்பூலில் பள்ளிக்கூட வயதில் கட்டிய ரயில் பாட்டு. 1963இல் ஒருதரம் பதிவு செய்து, சரிவரவில்லை என்று தூக்கிப் போட்டது. அதைத் தூசி தட்டி மாடியில் எடுக்கிறார்கள். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. நிறுவனச் சண்டை, பணக் கணக்கு, கசப்பு எல்லாம் கீழே நாலு மாடியில் கிடக்கின்றன. மேலே இரண்டு பையன்கள், தங்கள் முதல் பாட்டுகளில் ஒன்றைப் பாடுகிறார்கள். மக்கார்ட்னி அந்த நேரத்தில் லெனனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அங்கே நிறுத்தி வைத்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்!

கீழே தெரு அடைத்துக்கொண்டது. பக்கத்துக் கூரைகளில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். தொப்பியும் பைப்புமாக ஒரு பெரியவர் ஏணியில் ஏறி வருகிற காட்சிக்கு நான் தனியாக விசில் அடிப்பேன். தூக்கம் கெட்டதென்று திட்டுகிற அம்மாவும் உண்டு. புகார் போய், அதே தெருவிலிருந்த காவல் நிலையத்திலிருந்து போலீஸ் வந்தது. வரவேற்பறைப் பெண் பேசிப் பேசி நேரத்தைக் கடத்துகிறார். கடைசியில் போலீஸ் மாடிக்கே வந்துவிட, உதவியாளர் மால் எவன்ஸ் ஆம்பை அணைக்கிறார். ஹாரிசன் திரும்பி அதைப் போட்டுவிடுகிறார். ஆஹா! இருபது நாளுக்கு முன் குழுவே வேண்டாமென்று போன மனிதர், இப்போது பாட்டு நிற்கக்கூடாது என்கிறார். மூன்றாவது 'கெட் பேக்' ஓடுகிறது; மக்கார்ட்னி கூரைமேல் விளையாடுவதையும் கைதாவதையும் பற்றி அங்கேயே வரி கட்டிப் பாடுகிறார்.

முடிந்ததும் லெனன் நன்றி சொல்லி, வாய்ப்புத் தேர்வில் தேறிவிட்டோமா என்று நக்கலடிக்கிறார். 1962 புத்தாண்டன்று இதே லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிக்காட்டி, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்கள் அல்லவா! சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

அதனால்தான் அந்தத் தெருவில் ஒன்றும் தெரியாததில் எனக்கு ஏமாற்றமே இல்லை. அன்று கூடியவர்களுக்கும் அங்கிருந்து தெரியவில்லை, கேட்டது மட்டும்தான். இயர்போனை மாட்டி '909'ஐப் போட்டு, அண்ணாந்து நின்றேன். அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நின்று, தானும் மேலே பார்த்தார். பிறகு என்னவென்று கையால் கேட்டார். "பீட்டில்ஸ்" என்றேன். தலையாட்டினார். போகவில்லை. பாட்டு முடியும் வரை இரண்டு பேருமாக அந்தக் காலி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.