பெயர்ப் பட்டியல் போதாது

அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளுக்காக வாதாடுபவர்கள் முதலில் நீட்டுவது பெயர்ப் பட்டியலைத்தான். மார்ட்டின் லூதர் கிங் மோர்ஹவுஸ் கல்லூரி மாணவர். வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், நாவலாசிரியர் டோனி மாரிசன், கமலா ஹாரிஸ் மூவரும் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள். எனக்கு இது பலவீனமான வாதமாகப் படுகிறது. வேறு கதவுகள் அடைத்திருந்த காலத்தில் திறமைசாலிகள் எங்கே போயிருப்பார்கள்? மார்ஷலின் சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி அப்போது கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. அவரும் ஹோவர்டில் சட்டம் படித்த வேறு சிலரும் நடத்திய வழக்கில்தான், 1954இல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பானது. கதவுகள் திறந்த பிறகும் இந்தக் கல்லூரிகள் எதற்கு?

நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. சில ஆயிரம் பேரே படிக்கும் இந்தக் கத்தோலிக்க நிறுவனம், கறுப்பின மாணவர்களை மருத்துவப் படிப்புக்கு அனுப்புவதில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு வேதியியல் பலரைக் கழித்துக்கட்டும் பாடம். சேவியரில் அதைக் குழுவாக உட்கார்ந்து படிக்க வைக்கிறார்கள். பின்தங்குபவரை ஆசிரியரே தேடிப் பிடிக்கிறார். மோசமான பள்ளியிலிருந்து வந்தவரிடம் திறமை இல்லை என்று இங்கே முடிவுகட்டுவதில்லை.

ஆனால் பணிந்துபோகும் மரபும் இந்தக் கல்லூரிகளுக்கு உண்டு. 1960இல், வெள்ளையருக்கான உணவகத்தில் உட்கார்ந்து போராடியதற்காக அலபாமா மாநிலக் கல்லூரி 9 மாணவர்களை விசாரணையே இல்லாமல் வெளியேற்றியது. ஆளுநரின் நெருக்கடிதான் காரணம் என்பார்கள். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரில் அந்த வகைப் போராட்டத்துக்குத் தீப்பொறி மூட்டிய நால்வரும் அரசு நடத்திய கறுப்பினக் கல்லூரியின் மாணவர்களே. அந்தக் கல்லூரியின் தலைவர் அவர்களை அடக்க மறுத்தார். ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாகப் படிப்பில் ஆண்கள் சடைமுடி வைக்கத் தடை போட்டதற்கு எந்த ஆளுநரைக் குறை சொல்வது?

பண விஷயத்தில் மாநிலங்களின் குற்றம் பெரிது. கறுப்பர்களைச் சேர்த்துக்கொள், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தி நிதியைப் பங்கிடு என்று மாநிலங்களுக்குச் சொன்னது மத்திய அரசின் 1890ஆம் ஆண்டுச் சட்டம். தனிக் கல்லூரி வந்தது, பங்கு முழுதாக வரவில்லை. 16 மாநிலங்கள் சுமார் 30 ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்ததாக 2023இல் மத்திய அரசு கடிதம் எழுதியது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 210 கோடி டாலர். ஆனாலும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுத முடியாது. 2021இல் ஹோவர்ட் மாணவர்கள் பூஞ்சை பிடித்த விடுதிகளை எதிர்த்து ஒரு மாதத்துக்கு மேல் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசே ஆண்டுதோறும் நேரடியாக நிதி தருகிறது.

மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின், இந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் குவிவதாகப் பெருமை பேசுகிறார்கள். ஆனால் சேர்பவர்களில் எத்தனை பேர் பட்டம் பெறுகிறார்கள் என்பதே கேள்வி. ஸ்பெல்மன் கல்லூரியில் சேர்பவர்களில் நான்கில் மூவர் 6 ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுகிறார்கள். வேறு பல கறுப்பினக் கல்லூரிகளில் பாதிப்பேர்கூட இல்லை. வறிய மாணவர்கள் அதிகம் என்பது அதற்குப் பாதி விளக்கம்தான். மீதிப் பாதியை அந்தந்தக் கல்லூரியிடமே கேட்க வேண்டும்.